ஒளி ஓரிடம், சாம்பல் வேறிடம்

கடையில் கணக்கு எழுதிப் பழகியவனுக்கு, வரவு என்று ஒரு பக்கம் கண்டால், பற்று யார் பேரில் என்று கண் தானாகத் தேடும். மின்சார பில்லைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் புத்திதான்!

நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி எரிக்க வேண்டும். நம் கரியில் சாம்பல் அதிகம். நூற்றுக்கு 30 முதல் 45 வரை. ஆக, மாதம் 200 யூனிட் அனல்மின்சாரம் செலவழித்தால் 140 கிலோ கரி, குறைந்தது 42 கிலோ சாம்பல். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். "அந்தச் சாம்பல் எங்கே தாத்தா போகுது?" என்று அவர்களே கேட்பார்கள். பாடம் அங்கேதான் ஆரம்பம்.

சிமெண்டுக்கும் செங்கலுக்கும் ஒரு பெரும்பகுதி போகிறது, நல்ல காரியம். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளங்களில் விடுகிறார்கள். அதில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் போன்றவை சிறிய அளவில் உண்டு. அடியில் தடுப்பு இல்லாவிட்டால் நிலத்தடி நீரில் இறங்கும். கோடையில் காய்ந்து காற்றில் பறக்கும். கரை பலவீனமானால் உடைத்துக்கொண்டு ஓடும்.

தில்லியில் இருக்கும் நமக்கு சிங்ரௌலி தூரம்தான். ஆனால் அங்கே உண்டாகும் மின்சாரத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1960களில் ரிஹாந்து அணைக்காக ஊரை விட்டவர்களில் பலர், பிறகு சுரங்கத்துக்கும் மின்நிலையங்களுக்கும் மறுபடி இடம்பெயர்ந்தார்கள். 2020 ஏப்ரல் 10ஆம் தேதி அம்மாவட்டத்தில் சாசன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் அணை உடைந்தது. குழந்தைகள் உட்பட 6 பேர் போனார்கள். பயிர் நிலங்கள் சாம்பல் சேற்றில் மூழ்கின.

விளக்கு நம் வீட்டில். பற்று அவர்கள் பேரில். இந்தக் கணக்கைச் சரிசெய்யக் கேட்பதற்குத்தான் சுற்றுச்சூழல் நீதி என்று பெயர்.

விடுமுறையில் சென்னைக்குப் போகிறோமே, எண்ணூர்ப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கொசத்தலை ஆற்று முகத்துவாரத்தில் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்த கதையை மீனவர்களே சொல்வார்கள். அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் மேல் பிள்ளைகளுக்கு வெறுப்பு வரவேண்டாம். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே. சுவிட்சைப் போடும்போது ஒரு கேள்வி மட்டும் மனசில் எழணும்: இதன் சாம்பல் யார் வாசலில் விழுது?