துறை மாறும் வைத்தியர்

துறை என்னுஞ் சொல்லுக்கு நீரில் இறங்கும் இடம் என்பது பழம்பொருள். களனி கங்கைக்கு அயலாகிய கொலன்னாவையில் வாழ்வோர்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. ஓர் ஆற்றுக்குத் துறைகள் பல. புறப்பொருள் இலக்கணத்திலும் ஒரு திணைக்குத் துறைகள் பல. ஆயின் வைத்தியக் கல்வியில் ஒரு துறையில் இறங்கியவர் மற்றொன்றை நாடினால், ஆற்றையே விட்டோடியவர் போல நம்மவர் அவரை நோக்குகின்றனர்.

என்னிடம் தமிழ் கற்ற ஒருவர், சத்திரசிகிச்சைத் துறையில் மேற்பயிற்சி பெற்று வருபவர், அதனை விடுத்து உளமருத்துவம் பயில எண்ணியுள்ளார். வெள்ளவத்தையிலிருந்து அவர் தந்தையார் என்னைத் தேடி வந்தார். "பண்டிதர் ஐயா, நீங்கள் சொன்னாற் கேட்பான். கத்தி பிடிக்கிறதை விட்டிட்டு அங்கொடைக்குப் போகப் போறானாம்" என்றார். மனநல மருத்துவமனை அமைந்தமையால் எம் அயலூரின் பெயரே வசைமொழி ஆயிற்று. இஃது எத்தகைய தமிழோ!

எனினும் அவர் கவலை வெறும் மானக்கவலை அன்று. ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பின்னர்க் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் தெரிவுப் பரீட்சை, அதன்மேல் ஆண்டுக்கணக்கான பயிற்சி, எம்.டி. பரீட்சை, வெளிநாட்டுப் பயிற்சி. இத்தனையுங் கடந்தவரே விசேட வைத்திய நிபுணர் ஆவர். இடையில் விலகியவர் புதிய துறைக்குரிய தெரிவுப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். உடன்பயின்றோர் நிபுணராகும் வேளையில் இவர் மாணவராகவே நிற்பார்.

யான் அவருக்கு மதுரைக் கோவிந்தப்ப வெங்கடசாமியின் வரலாற்றைக் கூறினேன். 1918இற் பிறந்து, 1944இற் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர் அவர். உறவுப் பெண்கள் மூவர் மகப்பேற்றுக் காலத்தில் மாண்டமை கண்டு, மகப்பேற்று மருத்துவராக விழைந்தவர். இராணுவ மருத்துவப் பணி முடியுமுன்னே முடக்குவாதம் பற்றியது. விரல்கள் கோணின, படுக்கையிற் கிடந்தார், எழுதுகோல் பிடிப்பதும் அரிதாயிற்று. மகப்பேற்றுத் துறை கைவிட்டுப் போயிற்று. அவர் கண்மருத்துவத்துக்கு மாறி 1951இல் தேர்ச்சி பெற்றார். கோணிய விரல்களுக்குக் கத்தி பிடிக்கும் விதத்தைப் புதிதாகக் கற்பித்தார். ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கண்சிகிச்சைகளைத் தம் கையாலேயே செய்தார். அரசுப் பணியினின்று ஓய்வுபெற்று, ஐம்பத்தெட்டாம் வயதில், 1976இல், மதுரையிற் பதினொரு படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. 2006இல் மறைந்தார்.

தந்தையார் பொறுமையாகக் கேட்டார். கேட்டபின், "அவருக்குக் கை முடங்கினது. என்ரை மகனுக்கு என்ன முடங்கினது?" என்றார். நல்ல வினா.

2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே கொலன்னாவை மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது மருத்துவ மாணவராயிருந்த இவர், இடம்பெயர்ந்தோர் தங்கிய இடத்திற்கு உதவி செய்யச் சென்றார். காயம்பட்டோரைக் காட்டிலும், உடலிற் காயமின்றிச் சுவரையே நோக்கியிருந்தோர் தம் நெஞ்சைவிட்டு அகலவில்லை என்று என்னிடம் பன்முறை கூறியதுண்டு. பின்னர்ப் புள்ளி கிடைத்தது, சத்திரசிகிச்சை கிடைத்தது. நெஞ்சிற் பட்டது மட்டும் நீங்கவில்லை.

கை முடங்காமலே துறை மாறியோரும் உளர். சென்னை டாக்டர் வி. சாந்தா மகப்பேற்று மருத்துவத்தில் எம்.டி. பெற்றவர், எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் அரசுப் பதவியும் வாய்த்தது. அதனை ஏலாது, 1955இல், பன்னிரண்டு படுக்கைகளே கொண்டிருந்த அடையாறு புற்றுநோய் நிலையத்திற் சேர்ந்தார். 2021இல் மறையுங்காறும் அங்கேயே பணிபுரிந்தார். (வருவாய் மிகுதி கருதித் துறை மாறுவோரை யான் இங்கே பேசவில்லை, அவர்களுக்குப் பண்டிதனின் பரிந்துரை வேண்டியதில்லை.)

தந்தையார் உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். "இன்னும் எத்தனை வரியம்?" என்று மட்டும் கேட்டுச் சென்றார்.

மாணவர் சென்ற ஞாயிறு ஒரு குறிப்பேட்டுடன் வந்தார். யாழ்ப்பாணத்து முதியவள் ஒருத்தி, தனக்கு என்ன செய்கிறது என்று வினவியபோது, "பதகளிக்குது" என்றாளாம். உடனிருந்த வேற்றுமொழி வைத்தியருக்கு அதனை எவ்வாறு பெயர்ப்பது என்று தெரியாது இவர் இடர்ப்பட்டிருக்கிறார். பயம் என்றாற் குறைகிறது. பதற்றம் என்றாலும் முழுதும் அடங்கவில்லை. இருவரும் அகராதியை விரித்து மாலைவரை இருந்தோம். 'நெஞ்சடைப்பு', 'மனப்புழுக்கம்', 'அந்தரம்' என்று பட்டியல் நீண்டது. அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.