கேளாமல் கொடுத்த கை

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள், மணலில் நிற்கும் வெள்ளை மண்டபத்தைப் பாராமல் திரும்புவதில்லை. கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய், 1930-ல் தம் உயிரை இழந்த டென்மார்க் நாட்டவர் கார்ல் ஷ்மிட்டின் ஞாபகச் சின்னம் அது. மூழ்குகிறவர்களைக் கண்டார், பாய்ந்தார். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இதே வங்கக் கடலின் அக்கரையில், மூழ்கிய மக்களுக்குக் கை கொடுக்கவும் அனுமதி கேட்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு.

2008 ஏப்ரல் கடைசியில் உருவான 'நர்கிஸ்' புயல் முதலில் இந்தியக் கரைப் பக்கமாகத்தான் நகர்ந்தது. பிறகு கிழக்கே திரும்பி, மே 2-ந் தேதி பர்மாவின் ஐராவதி கழிமுகத்தைத் தாக்கிற்று. கடல் பொங்கிக் கிராமங்களை விழுங்கியது. மாண்டவரும் காணாமற்போனவருமாகச் சுமார் 1,38,000 பேர்!

அப்போது அங்கே நடந்தது ராணுவ ஆட்சி. இந்தியக் கடற்படையின் 'ராணா', 'கிர்பான்' கப்பல்கள் சில நாட்களிலேயே ரங்கூனில் உணவும் மருந்தும் கூடாரமும் இறக்கின. ஆனால், வெளிநாட்டு நிவாரண ஊழியர் பலருக்கு விசா கிடைக்கவில்லை. உதவிப் பொருள்களுடன் காத்திருந்த அமெரிக்கக் கப்பல்கள் ஜூன் 5-ந் தேதி வெறுமனே திரும்பின. அந்நியர் உள்ளே வந்தால் ஆட்சி ஆட்டங்காணுமோ என்ற அச்சம் தளபதிகளுக்கு! கழிமுகத்தில் மக்கள் பட்டினி கிடக்கையில், நாட்டின் மற்றப் பகுதிகளில் மே 10-ந் தேதி புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பும் நடத்தினார்கள். ஐ.நா. செயலாளர் பான் கி மூன் நேரில் போய், ராணுவத் தலைவர் தான் ஷ்வேயைச் சந்தித்த பிறகே, மே 23-ந் தேதி கதவு சற்றுத் திறந்தது.

அதுவரை பசித்தவர்களுக்குச் சோறு போட்டது யார்? பெரும்பாலும் அந்நாட்டு ஜனங்களே. புத்த மடங்கள் வீடிழந்தோருக்கு இடம் கொடுத்தன. ரங்கூன்வாசிகள் அரிசியையும் துணிமணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஸர்கனார். பல் மருத்துவம் படித்துவிட்டு, நாட்டையே சிரிக்கவைத்த ஹாஸ்ய நடிகர். தொண்டர்களைத் திரட்டி, கிராமம் கிராமமாக உதவி கொண்டுபோனார். கண்ட அவலத்தை வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். ஜூன் மாதமே கைது; நவம்பரில் தண்டனை 59 ஆண்டு! பின்னர் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2011 அக்டோபரில்தான் விடுதலை.

ஷ்மிட்டை அலை கொண்டுபோயிற்று. ஸர்கனாரைச் சிறை கொண்டுபோயிற்று. ஆனால் இருவரும் செய்தது ஒன்றே அல்லவா?