பைலட்டுக்கும் உண்டு பேட்டா கணக்கு: பகுதிநேர கார்ப்பரேட் விமானி தன் ரேட்டை எப்படி முடிவு செய்வது?

கிருஷ்ணகிரி பக்கம் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "எத்தனை கிலோமீட்டர்?" என்று அவர் முதலில் கேட்பதில்லை. "எத்தனை மணிக்குக் கிளம்பணும், எப்போ திரும்பணும், நைட் ஹால்ட் உண்டா?" என்றுதான் கேட்பார். நாள் கூலி, பேட்டா, ராத்திரி தங்கினால் அதற்குத் தனி. வண்டி பத்து கிலோமீட்டர் ஓடினாலும், கல்யாண மண்டப வாசலில் நாள் முழுக்க நின்றாலும், அவருடைய நாள் போய்விட்டது. அதற்குத்தான் காசு.

இதே கேள்வி, லட்சங்களில் புழங்கும் இன்னொரு தொழிலிலும் வருகிறது. சொந்த விமானம் வைத்திருக்கும் கம்பெனிக்கு முழுநேர பைலட் லீவு. அல்லது மாதத்தில் நாலைந்து நாள்தான் விமானம் பறக்கும், முழுநேரமாக ஒருவரை வைக்கக் கட்டுப்படியாகாது. அப்போது வெளியிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். இந்தப் பகுதிநேர விமானி தன் ரேட்டைத் தானே சொல்ல வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

இரண்டரை மணி நேரமா, பத்தொன்பது மணி நேரமா?

ஓர் உதாரணம். கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டிய வேப்பனப்பள்ளியில் ஒரு விமானி குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். "நாளைக்குக் காலையில பெங்களூரு–ஹைதராபாத், சாயங்காலம் ரிட்டர்ன்" என்று போன் வருகிறது. விமானம் நிற்பது பெங்களூரு எச்ஏஎல் விமான நிலையத்தில். 2008 மே மாதம் தேவனஹள்ளி விமான நிலையம் திறந்தபோது வழக்கமான பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. தனியார், சார்ட்டர் விமானங்கள் இன்றும் எச்ஏஎல்-ஐப் பயன்படுத்துகின்றன.

காலை 6 மணிக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்றால், வேப்பனப்பள்ளியில் 3 மணிக்கே காரை எடுக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசல் தொடங்கும் முன் ஊருக்குள் நுழைய வேண்டும். 7 மணிக்கு டேக் ஆஃப். எட்டேகாலுக்கு ஹைதராபாத். முதலாளி மீட்டிங் முடிந்து வரும்வரை, மாலை 5 மணி வரை காத்திருப்பு. திரும்பி வந்து, பேப்பர் வேலை முடித்து, வீடு வந்து சேர இரவு 10 மணி.

பறந்த நேரம் இரண்டரை மணி. வீட்டை விட்டு வெளியே இருந்தது 19 மணி.

விமான நிறுவனங்களில் சம்பளத்தின் ஒரு பகுதி பறக்கும் மணிக்கணக்கில் வருவதால், பகுதிநேரத்துக்கு வருபவர்களும் பழக்கத்தில் மணிக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். ஏர்லைனில் அந்தக் கணக்கு தாங்கும். மாதம் முழுக்க ரோஸ்டர் இருக்கிறது. பறக்காவிட்டாலும் குறைந்தபட்சம் இத்தனை மணிக்குப் பணம் என்ற உறுதியும் உண்டு. அந்த உறுதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023 ஏப்ரலில் ஏர் இந்தியாவில் நடந்ததே சாட்சி. கொரோனாவுக்கு முன் 70 மணியாக இருந்த உறுதி நேரத்தை 40 மணியாக வைத்துப் புதிய ஊதிய முறை வந்தபோது, பைலட் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. பகுதிநேரக்காரருக்கு அந்த 40 மணி உறுதியும் கிடையாது.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

கீழே வரும் தொகைகள் சந்தை நிலவரம் கிடையாது, கணக்கு புரிவதற்கான எண்கள் மட்டுமே. அதே வகை விமானத்தை ஓட்டும் முழுநேர பைலட்டுக்கு மாதம் 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 48 லட்சம். பிஎஃப், கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு என்று கம்பெனி தரும் சலுகைகளுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 55.2 லட்சம். அவர் ஆண்டுக்கு 200 நாள் பணியில் இருக்கிறார் என்றால், ஒரு நாளின் விலை 27,600 ரூபாய்.

பகுதிநேர விமானிக்கு இதுதான் தரை. இதோடு நின்றால் நஷ்டம். மருத்துவப் பரிசோதனை, லைசென்ஸ், சிமுலேட்டர் பயிற்சி, லைசென்ஸ் பறிபோனால் கைகொடுக்கும் காப்பீடு என்று ஆண்டுக்கு 6 லட்சம் தன் கையிலிருந்து போகிறது, வேலை கிடைப்பதோ 60 நாள் என்றால், நாளுக்கு 10,000 கூட வேண்டும். ஆக 37,600. ரவுண்டாக 38,000.

மணிக்கணக்கில் கேட்டிருந்தால்? 48 லட்சத்தை ஆண்டுக்கு 500 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 9,600. இரண்டரை மணிக்கு 24,000. ஒரே நாள், ஒரே வேலை, 14,000 ரூபாய் குறைவு. கேட்டவருக்கு இதுவே "நல்ல ரேட்" என்று தோன்றியிருக்கும் என்பதுதான் வேடிக்கை.

பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இதற்கு வெளியே. 3 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டிவந்து விமானம் ஏறுவதைவிட, முந்தின ராத்திரியே பெங்களூருவில் ரூம் போடச் சொல்வது நியாயமான கோரிக்கை. வேப்பனப்பள்ளிக்கும் எச்ஏஎல்-க்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது மும்பையில் உட்கார்ந்து டிரிப் போடும் மேலாளருக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

சிமுலேட்டர் செலவு தனிச் சிக்கல். பல பிசினஸ் ஜெட் வகைகளுக்கு வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பயிற்சி ஒரு குறிப்பிட்ட வகை விமானத்துக்கு மட்டுமே உதவும் என்பதால், விமானத்தின் சொந்தக்காரர் அதை ஏற்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை. பயணிகளை ஏற்றிப் பறக்க, கடந்த 90 நாட்களில் மூன்று டேக் ஆஃப், மூன்று லேண்டிங் செய்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அழைப்பே வராமல் மூன்று மாதம் ஓடிவிட்டால், முதலில் பயிற்சிக்காகப் பறக்க வேண்டும். அந்த நாளுக்கு யார் பணம் தருவது? இதை முதல் பேச்சிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மாதம் ஒரு சிறு தொகையை ரீடெய்னராக வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட நாட்களை ஒதுக்கித் தருவது இன்னொரு வழி.

பறக்காத நாளுக்கும் ஏன் பணம்?

ரேட் பேச்சில் கம்பெனிகள் அதிகம் முரண்டு பிடிக்கும் இடம் இது. "ஃபிளைட்டே போகலையே சார், அப்புறம் எதுக்கு?"

2001 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் ஆஸ்பென் விமான நிலையத்தில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் சார்ட்டர் ஜெட் தரையிறங்க முயன்று மலைச்சரிவில் மோதியது. விமானத்தில் இருந்த 18 பேரும் இறந்தார்கள். புறப்பாடு தாமதமாகியிருந்தது. அங்கே இரவில் இறங்கக் கட்டுப்பாடு இருந்தது. விமானத்தை வாடகைக்கு எடுத்தவரோ ஆஸ்பெனிலேயே இறங்கியாக வேண்டும் என்று நெருக்கினார். ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாத நிலையில் விமானிகள் குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று சொன்ன அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், வாடிக்கையாளர் தந்த அழுத்தத்தையும் துணைக் காரணமாகப் பதிவு செய்தது.

அங்கே சம்பளப் பிரச்சினை எதுவும் பேசப்படவில்லை. ஆனால், "இறங்கினால்தான் காசு" என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் விமானி, அதே அழுத்தத்தைத் தன் சட்டைப் பையிலேயே சுமந்துகொண்டு காக்பிட்டில் ஏறுகிறார். மேகம் இறங்கியிருக்கும் ஒரு மாலையில் "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குக் காலையில போகலாம்" என்று சொல்ல அவருக்கு 38,000 ரூபாய் செலவாகக் கூடாது. வானிலையாலோ இயந்திரக் கோளாறாலோ பயணம் நின்றால் முழு நாள் ரேட். முந்தைய நாளே ரத்து செய்தால் பாதி. திரும்புவது அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனால் இன்னொரு நாள் ரேட் என்று எழுதிக்கொள்ளலாம். விமானத்தில் உட்காரும் முதலாளிக்கும் இது நல்லதுதான்.

யார் வேண்டுமானாலும் பகுதிநேரம் போகலாமா?

முடியாது. பணம் வாங்கிப் பறக்க கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கட்டாயம். பிரைவேட் லைசென்ஸ் வைத்திருப்பவர் சம்பளத்துக்குப் பறக்கக் கூடாது. ஏர்லைனில் முழுநேர வேலையில் இருப்பவர் வார விடுமுறையில் வெளியே பறக்க நினைத்தால், முதலில் தன் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு 1,000 மணி போன்ற உச்சவரம்புகள் ஆளுக்கு ஆள் பார்க்கப்படுகின்றன. நாலு கம்பெனிக்குப் பறந்தாலும் மொத்தமாகக் கூட்டித்தான் கணக்கு.

இளைஞர்கள் தரப்பில் வேறொரு சங்கடம். 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,600-க்கும் மேற்பட்ட கமர்ஷியல் லைசென்ஸ்களை வழங்கியது. 200 மணி நேர அனுபவத்தோடு வேலை தேடுபவர்களில் சிலர், "காசே வேண்டாம் சார், லாக் புக்கில் மணி ஏறினா போதும்" என்று துணை விமானி இருக்கைக்கு வரத் தயாராக இருக்கிறார்கள். அவர்களுடைய நிலை புரிகிறது. ஆனால் ஓசியில் பறந்த இருக்கைக்கு அடுத்த வருடம் ரேட் கேட்டால், அதே கம்பெனி சிரிக்கத்தான் செய்யும்.

பில் எப்படி போடுவது?

தொழில்முறைக் கட்டணமாக வாங்கினால் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. மேலே சொன்ன உதாரணத்தில் 60 நாளுக்கு 38,000 என்றால் 22.8 லட்சம் வருகிறது. ஆகவே "ஜிஎஸ்டி தனி" என்ற இரண்டு வார்த்தையை ரேட்டோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வரி கைக்காசில் போகும். விமானத்தின் காப்பீட்டில் வெளியிலிருந்து வரும் விமானிக்கும் இடம் இருக்கிறதா என்பதையும் பறப்பதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வேப்பனப்பள்ளி விமானிக்கு 3 மணி அலாரம் ஒருநாள் 5 மணிக்கு மாறக்கூடும். ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், 150 கி.மீ. சுற்றளவில் இன்னொரு சர்வதேச விமான நிலையம் வருவதற்கு 2033 வரை தடை இருக்கிறது. இப்போதைக்குப் பக்கத்தில் இருப்பது, தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தனியார் ஓடுதளம். நீளம் 2 கி.மீ.க்குச் சற்று அதிகம். கம்பெனி விமானம் அங்கே வந்து ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தால், ரூம் வாடகையை ரேட்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நாள் ரேட் மட்டும் அப்படியே இருக்கும்.