கோட்டுக்கு வெளியே நின்றவர்

1997 ஜூலையில் கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். மோகன் பகான் கோச் அமல் தத்தா 'டைமண்ட்' என்று ஒரு வியூகம் வைத்திருந்தார். ஏறி ஏறி அடிப்பதுதான் அதன் சாரம். எதிரணி ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று முடித்துவிட்டது. பிறகு அதே மோகன் பகானைக் கையிலெடுத்து, 1997-98 தேசிய லீக்கை அவர்களுக்கு முதல் தடவையாக வாங்கிக் கொடுத்தவர் டி.கே. சாத்துண்ணி. சாலக்குடிக்காரர்.

சாலக்குடியிலிருந்து மலக்கப்பாறை வழியாக ஏறினால் வால்பாறை. தேயிலைக்காரர்களுக்கு அது ஒன்றும் அந்நிய ஊர் இல்லை. மூணாறு லயத்தில் பிறந்த நான் அவரை 'நம்ம ஆள்' என்று சொல்லிக்கொள்வதுண்டு.

அவர் ராணுவத்தில் சேர்ந்து செகந்தராபாத் இ.எம்.இ. அணிக்கு ஆடினார். அப்புறம் கோவாவில் வாஸ்கோ, பம்பாயில் ஓர்க்கே மில்ஸ். ஆடியதெல்லாம் பின்வரிசையில். நல்ல கோச்சுகள் பலர் பேக் ஆடியவர்களாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஃபார்வர்டுக்குக் கண்ணெல்லாம் கோல் போஸ்ட். தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பேக் நிற்கிறவனுக்கு ஆட்டம் முழுக்கக் கண்ணெதிரே விரிந்து கிடக்கும்.

எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் ஃபின்லே ஷீல்டு போட்டிக்கு எங்கள் எஸ்டேட் அணியைத் தயார் செய்தவன் நான். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மருந்தடித்துவிட்டு, சாயங்காலம் பூட்ஸ் மாட்டுகிற பையன்கள். மஞ்சு இறங்கிவிட்டால் கோல்கீப்பருக்கு நடுக்கோடு தெரியாது. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பேக்குகள் கத்திச் சொல்ல வேண்டும். அங்கேயும் எல்லாருக்கும் முன்வரிசையில் ஆடத்தான் ஆசை.

"அண்ணாச்சி, கோலடிச்சவன் பேரத்தானே பேப்பர்ல போடுறான்?" என்பான் நடுவில் பேக் நிற்கும் எங்கள் ஸ்டாப்பர்.

"போடட்டும்டா. நீ விட்டா உன் பேரும் வரும்."

கோச்சின் பாதி வேலை இதுதான்: ஓடத் துடிக்கிறவனை நிற்க வைப்பது. சாத்துண்ணியிடம் கேரளா போலீஸ் அணி வந்தபோது அதில் ஐ.எம். விஜயன், வி.பி. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி என்று ஒரு பட்டாளமே இருந்தது. இத்தனை பெரிய ஆட்டக்காரர்களை ஒரே அணியில் வைத்து மேய்ப்பது சின்ன அணியை நடத்துவதைவிடக் கஷ்டம். 1990-ல் திருச்சூரில் சல்கோக்கரை 2-1 என்று வென்று ஃபெடரேஷன் கோப்பையைத் தூக்கினார்கள். கேரள அணி ஒன்று அதை வென்றது அதுவே முதல் முறை.

2024 ஜூனில் சாத்துண்ணி காலமானார். பேப்பர்காரர்கள் அவருக்காவது நாலு வரி நன்றாக எழுதினார்கள். எல்லா கோச்சுக்கும் அந்தப் பெயர் வாய்ப்பதில்லை. 1973-ல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளா முதல் சந்தோஷ் டிராபியை வாங்கியது. மூன்று கோலும் போட்ட மணிக்குச் சாகும்வரை 'கேப்டன் மணி' என்றே பெயர். அந்த அணியின் கோச் தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் போனவர். பெயர் சைமன் சுந்தரராஜ். எங்கள் ஊர் டீக்கடையில் மணியைத் தெரியாத பெரிசு கிடையாது. சைமன் சுந்தரராஜ் என்று சொல்லிப் பாருங்கள். "யாரு, ஃபேக்டரியில இருந்த கணக்கப்பிள்ளையா?" என்பார்கள்.