சின்னப் போர்டில் சொந்தக் கெர்னல்

கோவில்பதாகை, ஆவடிப் பக்கம் பொறியியலும் பாலிடெக்னிக்கும் படிக்கிற பிள்ளைகள் அதிகம். ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி அவர்களுக்குப் புதிதல்ல. 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த இந்த வகைப் போர்டில், தயாராகக் கிடைக்கும் லினக்ஸை எஸ்டி கார்டில் எழுதிச் செருகினால் சில நிமிடங்களில் திரை வந்துவிடும். பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலை நாமே கட்டி ஓடவிடுவதுதான் அடுத்த படி. அந்தப் படியை ஏறிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எதற்கு இந்த வேலை? 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பட்டறைகளில் ஓடுவது போன்ற ஒரு சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி வெட்டும்) எந்திரத்தை இந்தப் போர்டை வைத்து இயக்குவதாக வைத்துக்கொள்வோம். லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். ஆனால் மோட்டாருக்கான கட்டளை மில்லி விநாடிக்கு ஒருமுறை, பிசகாமல் போயாக வேண்டும். சாதாரணக் கெர்னலுக்கு அந்த அவசரம் தெரியாது. ஒரு கோப்பை எழுதும்போதோ வைஃபை தகவலைக் கவனிக்கும்போதோ கட்டளை தாமதமாகலாம். வெட்டிக்கொண்டிருக்கும் இரும்பு வீணாகிவிடும். அவசர வேலைக்கு உடனே வழிவிடும் ‘ப்ரீஎம்ப்ட் ஆர்டி’ வசதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனி ஒட்டாகவே (பேட்ச்) வளர்ந்து, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் மூலக் கெர்னலுக்குள் முழுமையாகச் சேர்ந்தது. சேர்ந்தாலும் அதைத் தேர்ந்தெடுத்துக் கட்டினால்தான் வேலை செய்யும்.

கட்டுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மேஜைக் கணினியில் பயாஸ் இருக்கிறது; செருகிய அட்டைகள் தாம் யார் என்று தாமே சொல்லும். சின்னப் போர்டில் பல உறுப்புகள் வாயே திறக்காது. சீரியல் போர்ட் எந்த முகவரியில், எந்தக் கம்பியில் இன்டரப்ட் வரும் என்பதையெல்லாம் கெர்னலுக்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துக்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. முன்பு ஒவ்வொரு ஆர்ம் போர்டுக்கும் இந்த விவரத்தைக் கெர்னல் நிரலுக்குள்ளேயே திணித்தார்கள். குப்பை பெருகி, 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். அதன்பிறகு ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீ பக்கம் வேகமாகத் திரும்பியது.

போர்டைக் கெர்னலுக்கு எழுதிச் சொல்லும் இந்த வேலையின் அருமை நம் ஊரிலேயே தெரிந்தது. கிண்டியில் உள்ள சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு வடிவமைத்த ‘சக்தி’ பிராசஸர், இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் சில்லாக வார்க்கப்பட்டு 2018இல் லினக்ஸை ஓட்டியது. அதே ஆண்டு சண்டிகரில் 180 நானோமீட்டரில் இன்னொரு சில்லும் உருவானது. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதிக்கான ஆதரவு, லினக்ஸ் 4.15 பதிப்பில் அந்த ஆண்டு ஜனவரியில்தான் நுழைந்திருந்தது. புதிய பிராசஸரை வடிவமைப்பதோடு வேலை முடிவதில்லை. அதன் மேல் லினக்ஸ் எழுந்து நிற்க, போர்டின் உறுப்புகளைக் கெர்னலுக்கு அறிமுகப்படுத்தும் ஆட்களும் வேண்டும். மாணவர்களுக்கு இந்தக் கலை வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இனி கட்டுவோம். பை 4 என்றால் ராஸ்பெரி பை நிறுவனத்தின் கெர்னல் மூலநிரலை இறக்கி, அந்தப் போர்டுக்கான ‘டெஃப்கான்ஃபிக்’ அமைப்பிலிருந்து தொடங்குங்கள். ‘மெனுகான்ஃபிக்’ பட்டியலில் ப்ரீஎம்ப்ஷன் பகுதியில் ரியல்டைமைத் தேர்ந்தெடுங்கள். பதிப்பின் பெயரோடு உங்கள் அடையாளத்தையும் சேருங்கள். மேஜைக் கணினியிலேயே ஆர்முக்கான கம்பைலரை வைத்துக் கட்டினால் நேரம் மிச்சம். கெர்னல், டிவைஸ் ட்ரீ, மாட்யூல்கள் மூன்றும் ஒரே கட்டுமானத்திலிருந்து கார்டுக்குப் போக வேண்டும். மாட்யூல்களை விட்டுவிட்டால் போர்டு எழுந்திருக்கும், வைஃபை எழுந்திருக்காது. பழைய கெர்னலை அழிக்காதீர்கள். புதியதற்கு வேறு பெயர் வைத்து, கார்டில் உள்ள ‘கான்ஃபிக்’ கோப்பில் அதைக் குறிப்பிட்டால் போதும்.

புதிய கெர்னல் பாதியில் நின்றால் திரை கறுப்பாகவே இருக்கும். அதற்குத்தான் சீரியல் கேபிள். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். 3.3 வோல்ட் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னல் பையின் பின்னைச் சுட்டுவிடும். கான்ஃபிக் கோப்பில் யூஆர்ட்டை (சீரியல் போர்ட்டை) இயக்கி, 115200 வேகத்தில் இணைத்தால், கெர்னல் எந்த உறுப்பில் தடுக்கி நின்றது என்று வரிவரியாகப் படிக்கலாம்.

போர்டு எழுந்தபின், தாமதத்தை அளக்கும் ‘சைக்ளிக்டெஸ்ட்’ நிரலை ஓட்டிப் பாருங்கள். சராசரித் தாமதத்தை விட்டுவிட்டு, உச்சத் தாமதம் எத்தனை மைக்ரோ விநாடி என்று மட்டும் பாருங்கள். எந்திரத்தைக் கெடுப்பது அந்த ஒரே எண்தான். கார்டில் எழுதிக்கொண்டும் நெட்வொர்க்கை இழுத்துக்கொண்டும் இரவு முழுக்க ஓடட்டும். இன்னொரு முறை மே மாத நண்பகலில் தகரக் கூரைக்கடியில் ஓட்டுங்கள். பிராசஸரின் சூடு 80 டிகிரியைத் தொட்டால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க்கும் சின்ன விசிறியும் பொருத்தி மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் ஒப்பிட்ட பிறகு மோட்டாரை இணைக்கலாம்.