லேசர் ஒளியினால் நன்செய் நிலங்களை மட்டப்படுத்தல்

பரம்படித்தபின் பார்வைக்குச் சமமாய்த் தோன்றும் வயலிலும் மேடுபள்ளம் உண்டென்பதை, ஜலம் கட்டும்போது குடியானவர் அறிவர். மேட்டில் களை மண்டுகிறது; பள்ளத்தில் இளநாற்று மூழ்கி அழுகுகிறது.

நஷ்டத்தின் கணக்கு

ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் ஜலம் நிற்க ஏறக்குறைய 40,000 லிட்டர் வேண்டும். ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு 15 சென்டிமீட்டர் ஒரே சீராய்ச் சரிந்த ஓர் ஏக்கர் வயலில், மேட்டில் 5 சென்டிமீட்டர் கட்டுவதற்குப் பள்ளத்தில் 20 சென்டிமீட்டர் கட்டியாக வேண்டும். சமமான வயலுக்கு 2 லட்சம் லிட்டர் போதுமாயிருக்க, இவ்வயலுக்கு 5 லட்சம் லிட்டர் செல்லும். மிகுதியான 3 லட்சம் லிட்டரால் பயிருக்குப் பிரயோஜனமில்லை. வாய்க்கால் பாசனமாயின் கடைமடைக்காரருக்கு அது குறைகிறது; கிணற்றுப் பாசனமாயின் ஊற்று வற்றுகிறது.

லேசர் ஒளியின் தன்மை

சாதாரண விளக்கொளி பல நிறங்கள் கலந்து நாற்புறமும் சிதறுவது. லேசர் ஒளியோ ஏறக்குறைய ஒரே நிறமுடையதாய், அதிகம் விரியாமல் நேராய்ச் செல்லும். 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் கெம்புக் கல்லைக் கொண்டு இதனை முதன்முதல் உண்டாக்கினார். 1962-ல் சிறியதோர் குறைகடத்தித் துண்டிலிருந்தும் இவ்வொளி பெறப்பட்டது. கையில் தூக்கிச் செல்லத்தக்க கருவிகள் பின்னாளில் அமைந்ததற்கு இதுவே மூலம்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

முதலில் வயலின் பல இடங்களில் உயரம் அளந்து சராசரி மட்டம் கணக்கிடப்படும். வயலோரத்தில் முக்காலிமேல் நிறுத்திய கருவியிலிருந்து கதிர் சுழன்று, நிலத்துக்கு மேலே ஒரு சமதளமாய்ப் பரவும். டிராக்டர் இழுக்கும் மண்வாரித் தொட்டியில் நாட்டிய கம்பத்தில் அக்கதிரை உணரும் ஒளிவாங்கி இருக்கும். தொட்டி மேட்டில் ஏறினால், எண்ணெய் அழுத்தத்தால் அது தானே தாழ்ந்து மண்ணைச் சீவும். பள்ளத்தில் உயர்ந்து மண்ணை இறக்கும். ஓட்டுநர் கண்மதிப்புக்கு இதில் வேலையில்லை.

பஞ்சாப், ஹரியானா மாநிலங்களைப் பற்றி 2015-ல் வெளியான ஆய்வில், இவ்விதம் மட்டப்படுத்திய நெல்வயல்களில் பருவத்துக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 47 முதல் 69 மணி வரை பாய்ச்சல் நேரம் குறைந்ததாகவும், மகசூல் சுமார் 7 சதவீதம் கூடியதாகவும் கண்டனர். மண்ணும் பாசனமும் வேறாதலால், காவிரிப் பாசன நிலங்களிலும் இதே அளவு கிடைக்குமென்று கொள்ளலாகாது.

கவனிக்க வேண்டியவை

1. யந்திரம் மட்டத்தை அறியுமேயன்றி மண்ணின் வளத்தை அறியாது. மேட்டை ஆழமாய்ச் சீவினால் சத்துள்ள மேல்மண் நீங்கி, அடிமண் வெளிப்படும். சரிவு அதிகமான வயலை இரண்டு மூன்று பாத்திகளாக்கித் தனித்தனியே மட்டப்படுத்துவதே உசிதம். சீவிய பாகத்துக்குத் தொழுவுரமும் தழையுரமும் கூடுதலாய் இடுக.

2. மண் உலர்ந்து பொலபொலப்பாய் இருத்தல் அவசியம். மேட்டூர் அணை வழக்கமாய்த் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே, கோடை உழவை அடுத்து இவ்வேலையை முடித்துக்கொள்க.

3. துண்டு வயல்களில் யந்திரம் திரும்புவதிலேயே பொழுது வீணாகும். அடுத்தடுத்த நிலக்காரர்கள் கூடி வாடகைக்கு அமர்த்தினால் செலவு குறையும். எல்லைக் கற்கள் பெயராதபடி கிராம அதிகாரிகள் முன்னின்று பார்த்துக்கொள்வது நலம்.

4. கதிர் புறப்படும் கருவியை ஒருவரும் உற்று நோக்கலாகாது. கண்ணுக்குத் தீங்கு நேரும்.

மட்டப்படுத்திய வயலையும் சேற்றுழவு ஆண்டுதோறும் சிறிது கலைக்கும். ஆகையால் ஜலம் கட்டும்போது திட்டுகள் தலைகாட்டும் இடங்களைக் குறித்து வைத்து, அடுத்த கோடையில் சீர்செய்வது குடியானவர் கடமையாம்.