வெயில் கொடுமைதான், அதற்காகக் கால்களை இழக்கலாமா?

குருண் வட்டாரத்துத் தோட்டப் பக்கம் காலையில் போகிறவர்களுக்கு செயின்சோ சத்தம் பழகிப்போன ஒன்று. பால் குறைந்துபோன ரப்பர் மரங்களைச் சாய்த்து, கிளை கழித்து, துண்டு போட்டு லோரியில் ஏற்றும் வேலை அது. ஒரு ரப்பர் மரத்தில் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரைதான் லாபகரமாகப் பால் வெட்ட முடியும். அதன் பிறகு மரம் மரச்சாமான் தொழிற்சாலைக்குப் போகும்; நிலம் மறுநடவுக்குத் தயாராகும். பெரிய தோட்டங்களில் மரத்தைத் தள்ளுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் கிளை கழிக்கவும் துண்டு போடவும், சிறுதோட்டக்காரர்களின் நாலைந்து ஏக்கரைச் சுத்தம் செய்யவும் செயின்சோ பிடிக்கும் கைகள்தான் வேண்டும்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரின் கால்களைப் பாருங்கள். நைந்துபோன ஜீன்ஸ், அல்லது மெல்லிய விளையாட்டுக் கால்சட்டை, ஒரு ரப்பர் பூட். அவ்வளவுதான்! "காலுக்குப் பாதுகாப்பு உடை இல்லையா அண்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "இந்த வெயிலில் அதையும் போட்டுக்கொண்டு எப்படித் தம்பி வேலை செய்வது?"

இந்தப் பதிலைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. வட மாநிலங்களின் வெயில் அப்படிப்பட்டது. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ், சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை செல்சியஸ் நாட்டின் வெப்பப் பதிவுகளில் முன்னணியில் இருக்கிறது. 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸிலும், கெடாவின் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் பள்ளிகளையே மூட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வெயிலில் தடித்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு மரம் அறுப்பது எளிதல்ல.

ஆகவே, உடையைப் போடுவதா வேண்டாமா என்று வாதம் செய்வதில் பயனில்லை. எதைத் தேர்ந்தெடுத்தால் அது நாள் முழுக்கக் காலில் இருக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எவ்வளவு உயர்ந்த கவசமானாலும், அது கிளையில் தொங்கிக்கொண்டிருந்தால் காலைக் காப்பாற்றாது.

ஏன் கால்?

செயின்சோவை முழு வேகத்தில் முடுக்கினால் அதன் சங்கிலி ஒரு விநாடிக்கு 20 மீட்டர் அல்லது அதற்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடும். மணிக் கணக்கில் சொன்னால் 72 கிலோமீட்டர். குருணிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் பழைய சாலையில் போகும் மோட்டார் சைக்கிளின் வேகம்! அந்த வேகத்தில் கூரிய பற்கள் தொடையைத் தொட்டால், கையை விலக்குவதற்குள் எலும்பு வரை போய்விடும்.

அறுப்பவர் பெரும்பாலும் இடது காலை முன்வைத்து நிற்கிறார். கிளை கழிக்கும்போது செயின்சோ காலுக்குப் பக்கத்திலேயே ஆடுகிறது. துண்டு அறுந்து விழும் கடைசி நொடியில் பாரம் விடுபட்டு இயந்திரம் கீழே இறங்குகிறது. சரிவில் கால் வழுக்கினாலும் அப்படியே. முடுக்கியை விட்ட பிறகும் சங்கிலி சற்று நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தொடையின் உள்பக்கமாகப் பெரிய இரத்தக் குழாய் ஒன்று போகிறது. அது அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். தோட்டத்து மண் சாலையில் ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியும்.

துணி எப்படி இரும்பை நிறுத்துகிறது?

பலர் இந்த உடையைக் கத்தி நுழையாத கவசம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மேல்துணி உடனே அறுந்துவிடும். அறுந்த மறுகணம் உள்ளே அடுக்கடுக்காக, தைத்து இறுக்காமல் தளர்வாக வைக்கப்பட்டுள்ள நீண்ட இழைகளைச் சங்கிலி இழுக்கிறது. அந்த இழைகள் சங்கிலியோடு சேர்ந்து ஓடி, அதைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அடைத்துவிடுகின்றன. சைக்கிள் சங்கிலியில் வேட்டி மாட்டிக்கொண்டால் சக்கரம் நின்றுவிடுகிறதல்லவா? அதே கதைதான்.

ஜீன்ஸ் ஏன் உதவாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதன் நூல்கள் நெருக்கமாக நெய்யப்பட்டவை. அவை இழுபடாமல் துண்டு துண்டாக அறுந்து போகும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜீன்ஸ் போட்டாலும் வெப்பம்தான் இரட்டிப்பாகும், பாதுகாப்பு கிடைக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்போது பழத்தோட்டங்களில் பேட்டரி செயின்சோக்கள் வந்துவிட்டன. மின்மோட்டாரின் இழுவிசை வேறு மாதிரியானது. பெட்ரோல் இயந்திரத்தை அடைத்து நிறுத்துவதுபோல இந்த இழைகள் அவற்றையும் நிறுத்திவிடும் என்று நம்பிவிடக் கூடாது. உடையின் குறிப்பேட்டில் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முத்திரையைப் படியுங்கள்

வாங்கும்போது உடையின் உள்பக்கத் துணிச் சீட்டைப் பார்க்க வேண்டும். செயின்சோ படம் ஒன்று இருக்கும். பக்கத்தில் ஐஎஸ்ஓ 11393-2 என்ற எண்ணோ, அதற்கு முன்பிருந்த ஐரோப்பிய எண்ணான இஎன் 381-5-ஓ இருக்கும். இரண்டும் இல்லாமல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் உடையைச் செயின்சோ உடை என்று நம்பி வாங்குவது காலைப் பணயம் வைப்பதாகும்.

சீட்டில் இரண்டு விவரங்கள் முக்கியம். முதலாவது வகுப்பு. எந்தச் சங்கிலி வேகத்தில் சோதித்தார்கள் என்பதை இது காட்டும். வகுப்பு 0 விநாடிக்கு 16 மீட்டர். வகுப்பு 1 என்றால் 20 மீட்டர். வகுப்பு 2 என்றால் 24. வகுப்பு 3 என்றால் 28. வகுப்பு ஏற ஏற அடுக்கும் கூடும், எடையும் கூடும், வெப்பமும் கூடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு உயர்ந்த வகுப்பை வாங்குவது குருண் வெயிலுக்குச் சரிவராது. உங்கள் செயின்சோவின் குறிப்பேட்டில் சங்கிலி வேகம் எழுதியிருக்கும். அதைப் பார்த்து அதற்கேற்ற வகுப்பை வாங்குங்கள். எந்த வகுப்பும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது விவரம் வகை. வெயில் நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். 'ஏ' வகையில் இழை அடுக்கு காலின் முன்புறத்தையும் பக்கவாட்டில் சிறிதளவையும் மறைக்கும். 'பி' வகையில் இடது காலின் உள்பக்கம் இன்னும் கொஞ்சம் சேரும். 'சி' வகையில் கால் முழுவதையும் சுற்றி அடுக்கு இருக்கும். 'ஏ' வகையில் பின்புறம் சாதாரணத் துணி என்பதால் அந்தப் பக்கமாக வியர்வை ஆறும், காற்று புகும்.

யாருக்கு எது?

முறையாகப் பயிற்சி பெற்று, தரையில் நின்று, நாள் முழுக்க அறுக்கும் தொழிலாளிக்கு 'ஏ' வகை போதும் என்பதே பொதுவான நடைமுறை. அவருக்கு வெட்டு பெரும்பாலும் முன்னாலிருந்து வரும். எட்டு மணி நேரம் அணிய வேண்டியவரும் அவரே.

ஆண்டுக்கு ஒருமுறை, புயலில் விழுந்த டுரியான் மரத்தை அறுக்கச் செயின்சோவை எடுக்கும் சிறுதோட்டக்காரர் நிலை வேறு. அவருக்குக் கை பழக்கம் குறைவு. எந்தப் பக்கமாக வெட்டு வரும் என்று சொல்ல முடியாது. அவருக்கு 'சி' வகையே ஏற்றது. வெப்பம் அதிகம்தான். ஆனால் அவர் அறுப்பது அரை மணி நேரம்தானே! மரத்தில் ஏறி அறுப்பவர்களுக்கும் 'சி' வகையே சொல்லப்படுகிறது.

கால்சட்டையா, கட்டிக்கொள்ளும் கவசமா?

முன்பக்கத்தை மட்டும் மறைத்து, காலின் பின்னால் வார்களால் பூட்டிக்கொள்ளும் கவசத்தைக் கடைக்காரர்கள் 'சேப்ஸ்' என்பார்கள். மெல்லிய நீளக் கால்சட்டைக்கு மேல் இதைக் கட்டிக்கொள்ளலாம். பின்புறம் திறந்திருப்பதால் காற்றோட்டம் நன்றாக இருக்கும். செயின்சோவை அணைத்துவிட்டு நிழலில் உட்காரும்போது ஒரு நிமிடத்தில் கழற்றிவிடலாம். கட்டைகளை லோரியில் ஏற்றும் நேரத்தில் அணிய வேண்டியதில்லை. ஒரே நாளில் அறுப்பதும் சுமப்பதுமாக மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி.

இதில் குறையும் உண்டு. வார் தளர்ந்தால் கவசம் காலைச் சுற்றித் திரும்பிவிடும். வெட்டு வரும் இடத்தில் அடுக்கு இருக்காது. தொங்கும் வார் புதரிலும் கொடியிலும் மாட்டி ஆளையே தடுக்கி விழச் செய்யும். எல்லா வார்களையும் பூட்டி, மிச்ச நுனியை உள்ளே செருக வேண்டும். புதர் மண்டிய இடத்தில் நாள் முழுக்க அறுக்கும் வேலை என்றால் கால்சட்டையே மேல். அதற்குள் ஜீன்ஸ் போடக் கூடாது. வியர்வை சீக்கிரம் உலரும் மெல்லிய உள்ளாடை போதும். இடுப்பு வாரால் இறுக்குவதைவிடத் தோள்வார் மாட்டினால் இடுப்பைச் சுற்றிக் காற்று போகும். தொடையின் பின்னால் காற்றுத் திறப்பும் ஜிப்பும் உள்ள கால்சட்டைகளும் கிடைக்கின்றன.

எதை வாங்கினாலும் கடையிலேயே போட்டுப் பாருங்கள். குந்தி உட்காருங்கள். கட்டையைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்குங்கள். கீழ் ஓரம் பூட்டின் மேல் படிய வேண்டும். குந்தும்போது கணுக்காலுக்கு மேல் ஏறினால் அந்த அளவு உங்களுக்கு அல்ல.

உடை மட்டும் வெப்பத்தைத் தணிக்காது

நல்ல உடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நண்பகல் 12 மணிக்கு அறுத்தால் பயனில்லை. கனமான அறுப்பு வேலையைக் காலையில் முடித்து, உச்சி வெயிலில் செயின்சோவுக்கு அரம் போடுவது, நிழலில் துண்டு அளப்பது என்று மாற்றிக்கொள்ளலாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்தவரையும், நீண்ட விடுமுறை முடித்துத் திரும்பியவரையும் முதல் நாளே முழு வேலையில் இறக்கக் கூடாது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வேலையிடத்தில் வெப்பத்தைச் சமாளிப்பது பற்றித் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதார இலாகா 2016-இல் வழிகாட்டி ஒன்றையே வெளியிட்டிருக்கிறது.

தலைசுற்றல், குமட்டல், பேச்சில் குழறல், குழப்பம் இவற்றில் எது தெரிந்தாலும் செயின்சோவை அணைத்து, ஆளை நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, தண்ணீரால் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். பேச்சு குழறினால் 999-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது. மயங்கும் கைகளில் செயின்சோ இருந்தால் அடுத்து ஆபத்து காலுக்குத்தான்.

துவைப்பதிலும் காப்பதிலும்

இழைகள் தளர்வாக இருந்தால்தான் இழுபடும். எண்ணெயும் மரத்தூளும் ஊறி இறுகிப்போன அடுக்கு வேலை செய்யாது. துணிச் சீட்டில் சொன்ன முறைப்படி துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பிளீச் வேண்டாம், அடுக்கின் மேல் இஸ்திரி போட வேண்டாம். மேல்துணி கிழிந்தால் அடுக்கையும் சேர்த்துத் தைத்துவிடக் கூடாது. தையல் விழுந்த இடத்தில் இழை இழுபடாது. சங்கிலி ஒருமுறை அடுக்கைத் தொட்டுவிட்டால் அந்த உடையின் கடமை முடிந்தது. காலைக் காப்பாற்றிய நன்றியோடு அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

யார் பணம் கொடுப்பது?

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. அந்தச் சட்டப்படி வழங்க வேண்டியவற்றுக்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விதிகள், வேலையைக் குத்தகைக்கு விடுபவருக்கும் பொறுப்பைச் சேர்த்தன; உடனடி ஆபத்து உள்ள இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தன. கொடுத்த பாதுகாப்பு உடையை அணிவது தொழிலாளியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. "நான்தான் வாங்கிக் கொடுத்தேனே" என்று முதலாளி சொல்வதும், "வெயில், அதனால் போடவில்லை" என்று தொழிலாளி சொல்வதும் கால் போன பிறகு யாருக்கும் உதவாது. கொடுப்பவர் வெயிலுக்கு ஏற்றதைக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் பொருந்தவில்லை என்றால் அன்றே சொல்ல வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால், சொக்சோவில் பதிந்த தொழிலாளிக்குத் தற்காலிக இயலாமைக் காலத்தில் அனுமானிக்கப்பட்ட சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். சொந்தமாகக் குத்தகை எடுத்து அறுப்பவர்கள், 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. பணம் ஓரளவு ஈடு செய்யும். ஆனால் சரிவில் ஏறி இறங்கிப் பிழைக்கும் மனிதனுக்குக் காலுக்கு ஈடு வேறு ஏது?

நாளைக் காலை ஜெராய் மலையடிவாரத்தில் செயின்சோவை முடுக்குவதற்கு முன், ஒருமுறை குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். அங்கே இருப்பது வெறும் ஜீன்ஸ்தான் என்றால், அன்றைய முதல் வேலை மரம் அறுப்பதல்ல. தவுக்கேயிடம் போய்ப் பேசுவது.